ஒட்டுக்குக் கீழே

ஜூன் 6

அண்ணிக்கு,

நலம். அங்கேயும் அப்படித்தான் என்று நம்புகிறேன். போன மாதம் போனில் நாம் இருவரும் கத்திய கத்தலில் அண்ணன் போனைப் பிடுங்கி, "இனிமே செடியைப் பத்தி என்ன இருந்தாலும் பேப்பர்ல எழுதித் தொலைங்க, என் காது தாங்காது" என்று சொல்லிவிட்டதால் எழுதுகிறேன். இல்லையென்றால் எழுதியிருக்க மாட்டேன் என்பது உங்களுக்கும் தெரியும்.

விஷயம் இதுதான். மாற்றல் வாங்கிக்கொண்டு இங்கே வந்ததிலிருந்து ஒன்றரை வருடமாக இரண்டாவது மாடியில் ஒற்றை ஜன்னல் அறையில் குடியிருக்கிறேன். எங்கள் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வரிசைப்படி தரைத்தள வீடு ஒதுக்குகிறார்கள். எனக்கு வரும் ஜனவரியில் கிடைக்கும். வாசலில் பத்தடிக்கு ஆறடி மண் இருக்கிறது. போய்ப் பார்த்தேன். ஒரு பிடி எடுத்துவந்து சோதித்தும் பார்த்தேன், நல்ல மண். அங்கே வைக்க, உங்கள் வீட்டு வாசலில் நான் வளர்த்த ஆறு ரோஜாவில் எனக்கு ஒரே ஒரு செடி வேண்டும். மூன்றாம் நம்பர். மற்ற ஐந்து ரோஜாவையும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

மற்றவை எந்த நர்சரியிலும் கிடைக்கும். இது கிடைக்காது. கழித்துக்கட்டிய செடிகளோடு நர்சரி மூலையில், பெயர்ச் சீட்டுகூட இல்லாமல், ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. "அது தேறாதும்மா, வேற எடுங்க" என்றார் நர்சரிக்காரர். நான்தான் விடாப்பிடியாகத் தூக்கிவந்தேன். காலையில் செம்பு நிறத்தில் விரிந்து, சாயங்காலத்துக்குள் பால் நிறமாகிற ரோஜாவை வேறு எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? நான் ஐந்து வருடமாகத் தேடுகிறேன், இன்னொன்று கண்ணில் படவில்லை.

ஜனவரி வரை பார்த்துக்கொள்ளுங்கள். தண்ணீரைக் காலையில் வேரில் ஊற்றுங்கள், இலையில் படக் கூடாது. கரும்புள்ளி விழுந்த இலையைப் பறித்துச் செடிக்கடியிலேயே போடாதீர்கள். ஒரே செடியில் இரண்டு தண்டு போட்டி போட்டால் மெலிந்ததை அடியோடு வெட்டிவிட்டுப் பருத்ததை வையுங்கள். துணி வெட்டும் கத்தரிக்கோலை எடுக்க வேண்டாம், பின்பக்க அலமாரியில் செடி வெட்டுகிற என் கவாத்துக் கத்தரி இருக்கிறது.

முக்கியமாக, அதிலிருந்து யாருக்கும் ஒரு குச்சிகூட ஒடித்துக் கொடுக்கக் கூடாது. யாரைச் சொல்கிறேன் என்று புரியும்.

பாப்பா

ஜூன் 17

பாப்பாவுக்கு,

கடிதம் வந்தது. உன் அண்ணனிடம் காட்டினேன். "முதல் வரியில நலம்னு இருக்குல்ல, அப்புறம் என்ன" என்று சொல்லிவிட்டுப் பேப்பர் படிக்கப் போய்விட்டார். இந்த வீட்டில் யாரிடம் போய் முட்டிக்கொள்வது?

ஐந்து செடியை எனக்குத் தாராளமாக விட்டுக் கொடுத்திருக்கிறாய். அந்த ஆறில் ஒன்றையாவது என்னைக் கேட்டு வைத்தாயா? பாத்தி வெட்டிய அன்று நான் வாய் விட்டுக் கேட்டது ஒன்றே ஒன்று. நாள் முழுக்க அந்த ஜன்னலோரம் உட்கார்ந்து ஊரார் துணியைத் தைக்கிறேன், மணக்கிற மாதிரி ஒரு சிவப்பு ரோஜா வை என்றேன். "மணக்கறதுக்கெல்லாம் நோய் சீக்கிரம் வரும் அண்ணி" என்று சொல்லி, மருந்துக்குக்கூட மணம் இல்லாத ஆறு செடியை வாங்கி வந்து வரிசையாக நம்பர் தகடு மாட்டினாய். எனக்கு அவை ரோஜாவாகவே தெரியவில்லை. உன் ஆபீஸ் பாட்டில்கள் மாதிரி நிற்கின்றன.

நான்காம் நம்பர் முள் மாட்டி, கொடியில் காய்ந்த வாடிக்கையாளர் துணி முழம் நீளத்துக்குக் கிழிந்தது நினைவிருக்கிறதா? வெளியே ஓடிவந்த நீ என்ன கேட்டாய்? "மொட்டு உடைஞ்சுதா?"

என் தங்கை ஒரு குச்சி ஒடித்தாள். உண்மை. உன்னைக் கேட்கவில்லை. அதுவும் உண்மை. கேட்டால் தர மாட்டாய் என்று உலகத்துக்கே தெரியும். அதற்காக நீ வாசலில் நின்று, அவள் மாமியாரை வைத்துக்கொண்டு, அவளைத் திருடி என்றாய். ஒரு சாண் குச்சிக்கு. நான் அவள் பக்கம் பேசினேன், நீ பெட்டியைக் கட்டினாய். அன்றிலிருந்து அவளும் இந்த வாசலை மிதிக்கவில்லை. நீ போனது எனக்கு வருத்தமா இல்லையா என்று நான் யோசிக்கவில்லை. அவள் வராதது வருத்தம்.

செடியைப் பார்த்துக்கொள்கிறேன். நீ எழுதியதை எழுதியபடியே செய்வேன், ஒரு எழுத்துக் கூட்டவும் மாட்டேன் குறைக்கவும் மாட்டேன். நாளைக்கு என்னைக் குறை சொல்ல உனக்கு இடம் இருக்கக் கூடாது. உன் கடிதத்தைத் தையல் மிஷினுக்கு மேலே சுவரில் ஒட்டிவிட்டேன்.

அண்ணி

ஜூன் 28

அண்ணிக்கு,

மொட்டைக் கேட்டது தப்பு. துணியைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். அதோடு அந்தப் பேச்சை விடுங்கள்.

ஆனால் கேட்காமல் எடுப்பதற்கு எனக்கு வேறு பெயர் தெரியாது. எங்கள் கூடத்தில் ஒரு பாட்டில் தண்ணீரைச் சொல்லாமல் எடுத்தாலும் அதே பெயர்தான். அந்தச் செடியில் அன்றைக்கு இருந்ததே மூன்று கிளை. அதில் நல்லதாகப் பார்த்து ஒடித்துக்கொண்டு போனாள். போய் என்ன செய்தாள்? ஒன்றும் தெரியாதவர்கள் வைத்தால் அது வேர் பிடிக்காது. இரண்டே வாரத்தில் காய்ந்து குப்பைக்குப் போயிருக்கும். என் வயிற்றெரிச்சல் அதற்குத்தான். அவள் வைத்து வளர்த்திருந்தால்கூட ஆறியிருக்கும்.

ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறீர்கள். என் குற்றம் எல்லாம் வரிசையாக இருக்கிறது. மூன்றாம் நம்பர் எப்படி இருக்கிறது என்று ஒரு வரி இல்லை.

பாப்பா

ஆகஸ்ட் 9

பாப்பாவுக்கு,

இதோ உன் மூன்றாம் நம்பர்.

ஒரு மாதமாகவே அது சுகமில்லை. பழைய தண்டு குச்சியாகிவிட்டது, இலையெல்லாம் கரும்புள்ளி. பறித்துப் பறித்துக் கடைசியில் நாலு இலைதான் மிச்சம். ஆனால் பக்கத்திலேயே, மண்ணை ஒட்டி, புதுசாக ஒரு தண்டு கிளம்பியிருக்கிறது. என் சுண்டுவிரல் பருமன் இருக்கும். வெளிர் பச்சை, ஒரு புள்ளி கிடையாது, நாளுக்கு நாள் ஏறுகிறது. பார்க்கவே தெம்பாக இருக்கிறது.

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். மெலிந்ததை அடியோடு வெட்டு, பருத்ததை வை. கவாத்துக் கத்தரியை எடுத்துக்கொண்டு போய் நின்றேன். மெலிந்த தண்டின் நுனியில் கடுகளவுக்கு ஒரு மொட்டு இருந்தது. மனசே வரவில்லை. உள்ளே வந்து சுவரில் இருப்பதை மறுபடியும் படித்துவிட்டுப் போய் வெட்டினேன்.

என் சொந்தச் செடியாக இருந்தால் விட்டிருப்பேன். உன் செடி, உன் சட்டம்.

அண்ணி

ஆகஸ்ட் 20

அண்ணிக்கு,

கூடத்தில் வேலை தலைக்கு மேல் இருக்கிறது. அவசரமாக நாலு வரி.

சரியாகச் செய்திருக்கிறீர்கள். செடி விஷயத்தில் இரக்கம் பார்க்கக் கூடாது. புதுத் தண்டு சுண்டுவிரல் பருமன் என்று படித்ததும் எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். பக்கத்தில் குச்சி நட்டுக் கட்டிவிடுங்கள். பதினைந்து நாளைக்கு ஒருமுறை எரு வையுங்கள்.

முதல் தடவையாக நீங்கள் நான் சொன்னதைக் கேட்டிருக்கிறீர்கள்.

பாப்பா

அக்டோபர் 12

பாப்பாவுக்கு,

உன் செடி இப்போது என் ஜன்னல் உயரம். உன் அண்ணன்கூட நின்று பார்த்துவிட்டு, "இது ரோஜாவா, தென்னையா" என்றார். பதினைந்து நாளைக்கு ஒருமுறை தவறாமல் எரு வைக்கிறேன். துணிக்கொடியை அவிழ்த்துப் பின்பக்கம் கட்டிவிட்டேன், இதன் மேல் நிழல் விழக் கூடாது என்று. வாடிக்கையாளர்கள் வந்தால் முதலில் இதைத்தான் காட்டுகிறேன். எனக்கே சிரிப்பாக இருக்கிறது. யார் வீட்டுச் செடியோ.

ஒன்றுதான் புரியவில்லை. இவ்வளவு வளர்ந்தும் ஒரு மொட்டுகூட வைக்கவில்லை. முள்ளும் முன்னைப் போல இல்லை, பொடிப்பொடியாக இருக்கிறது. நீ நம்ப மாட்டாய் என்று ஒரு இலையைக் காம்போடு பறித்து இதோடு வைத்திருக்கிறேன். எவ்வளவு பளபளப்பு பார்.

அண்ணி

அக்டோபர் 19

அண்ணிக்கு,

இலை வந்தது. எண்ணினேன். ஒரு காம்பில் ஏழு சிறு இலை.

என் செடிக்கு எப்போதும் ஐந்து. எல்லா ரோஜாவுக்கும் இந்தக் கணக்குப் பொருந்தாது, என் செடிக்குப் பொருந்தும். அது ஒட்டுச்செடி. வேர் காட்டு ரோஜாவுடையது, அதன் மேல் நல்ல ரோஜாவின் தண்டிலிருந்து, துளிர் கிளம்புகிற கண்ணை எடுத்து வைத்து ஒட்டியிருப்பார்கள். அந்த இடம் முட்டி மாதிரி புடைத்திருக்கும். ஒட்டுக்கு மேலே வருவது நம் செடி. கீழே மண்ணை ஒட்டி வருவது காடு. அது கொழுகொழுவென்று வளர்ந்து மேலே இருப்பதைப் பட்டினி போட்டுக் கொல்லும்.

இரண்டு மாதமாக நீங்கள் எரு வைத்தது காட்டுக்கு. என் செடியை மொட்டோடு வெட்டிப் போட்டிருக்கிறீர்கள். ஒட்டுக்குக் கீழே வருவதைக் கிள்ளி எறிய வேண்டும் என்று செடி வளர்க்கிற எல்லாருக்கும் தெரியும். உங்களுக்கு எப்படித் தெரியாமல் போனது? ஆறு வருடம் அந்த ஜன்னலில் உட்கார்ந்து நான் செய்ததையெல்லாம் பார்த்துக்கொண்டுதானே இருந்தீர்கள்?

ஜனவரியில் எனக்கு மண் கிடைக்கும். வைப்பதற்கு ஒன்றும் இல்லை. எனக்கு இதற்கு மேல் எழுத வரவில்லை.

பாப்பா

அக்டோபர் 26

நாத்தனார் அவர்களுக்கு,

இன்றைக்கு உங்களை நீங்கள் என்றே எழுதுகிறேன். நீ என்று எழுத ஆரம்பித்தால் என்னென்னவோ வந்துவிடும்.

சுவரிலிருந்து உங்கள் கடிதத்தைப் பிய்த்துக் கையில் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். "ஒரே செடியில் இரண்டு தண்டு போட்டி போட்டால் மெலிந்ததை அடியோடு வெட்டிவிட்டுப் பருத்ததை வையுங்கள்." இதில் ஒட்டு எங்கே? கீழே எங்கே? மேலே எங்கே? எனக்கு முட்டி தெரியாது, காடு தெரியாது. நான் தையல்காரி. அளவு எழுதிக் கொடுத்தால் அந்த அளவுக்கு வெட்டுவேன். அளவைத் தப்பாக எழுதிக் கொடுத்துவிட்டுத் துணி போச்சு என்று என் மேல் பாய்ந்தால் என்ன நியாயம்?

அதுவும் போகட்டும். மண்ணை ஒட்டிப் புதுத் தண்டு கிளம்பியிருக்கிறது என்று ஆகஸ்டிலேயே எழுதினேன். எழுதினேனா இல்லையா? நீங்கள் என்ன பதில் எழுதினீர்கள்? சரியாகச் செய்திருக்கிறீர்கள் என்று. நான் சொல்வதை நீங்கள் என்றைக்குக் காதில் வாங்கியிருக்கிறீர்கள், கடிதத்தில் வாங்க?

ஆறு வருடம் பார்த்துக்கொண்டிருந்தேனாம். கிட்டே வந்தால் "மிதிக்காதீங்க அண்ணி" என்பீர்கள். ஜன்னலிலிருந்து உங்கள் முதுகுதான் தெரியும்.

உங்கள் கடிதம் வந்த அன்று மிஷினில் உட்கார முடியவில்லை. கை ஓடவில்லை. ஞாயிற்றுக்கிழமை என் தங்கை வீட்டுக்குப் போய் அழுதேன். அவள் என்னைக் கூட்டிக்கொண்டு போய் மாடிப்படிக்குப் பக்கத்தில் நிறுத்தினாள். பழைய பெயிண்ட் டப்பா. அதில் இடுப்பளவுக்கு ஒரு ரோஜா. நான் போனபோது செம்பு நிறம். கிளம்பும்போது பால் நிறம்.

நீங்கள் காய்ந்து குப்பைக்குப் போயிருக்கும் என்று எழுதிய அதே குச்சிதான். இப்போதைக்கு நமக்குத் தெரிந்து அது ஒன்றுதான் மிச்சம். சொல்ல வேண்டும் என்று தோன்றியது, சொல்லிவிட்டேன்.

அண்ணி

நவம்பர் 20

அண்ணிக்கு,

மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். இது நாலாவது.

ஆகஸ்ட் மாதக் கடிதத்தைத் தேடி எடுத்துப் படித்தேன். மண்ணை ஒட்டி என்று தெளிவாக எழுதியிருக்கிறீர்கள். நான் சுண்டுவிரல் பருமன் என்பதோடு நின்றுவிட்டேன். தினமும் நூறு பாட்டிலில் ஒரு துளி தப்பில்லாமல் பார்க்கிறவள், ஒரு பக்கக் கடிதத்தை ஒழுங்காகப் பார்க்கவில்லை. வெட்டியது நீங்கள் இல்லை. நான்தான்.

அந்தக் காட்டுத் தண்டை வெட்டிவிடாதீர்கள். வேர் நன்றாக இருக்கிறது. அதன் பட்டையைக் கீறி, நல்ல செடியின் கண்ணை வைத்துக் கட்டினால் மறுபடியும் பிடிக்க வாய்ப்பு உண்டு. அதற்கு ஒரு குச்சி வேண்டும், ஒரு சாண் போதும். உங்கள் தங்கையிடம் நீங்கள் கேட்டு வாங்கி வைத்தால் நான் வந்து ஒட்டிவிட்டுப் போகிறேன்.

பாப்பா

நவம்பர் 27

பாப்பாவுக்கு,

நான் கேட்டு வாங்க மாட்டேன். அவளைச் சொன்னது நீ, கேட்க வேண்டியதும் நீ. அவள் வீடு உனக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் தைத்த துணிகளைக் கொடுக்கப் போய்விடுவேன், மூட்டை தூக்க உன் அண்ணனையும் கூட்டிப்போவேன். சாவி பக்கத்து வீட்டில் இருக்கும். வீட்டில் இருந்தால் பேசுவேன், பேசினால் என்ன ஆகும் என்று உனக்கே தெரியும்.

அண்ணி

டிசம்பர் 15

அண்ணிக்கு,

போன ஞாயிறு வந்தேன். பூசி மெழுகாமல் சொல்கிறேன்.

பஸ்ஸில் நாலு மணி நேரம் என்ன பேசுவது என்று மனப்பாடம் செய்துகொண்டே வந்தேன். உங்கள் தங்கை கதவைத் திறந்ததும் அத்தனையும் போய்விட்டது. உள்ளே வா என்று அவள் சொல்லவில்லை. வெளிக்கதவைப் பிடித்துக்கொண்டே நின்றேன். "நான் அன்னைக்குச் சொன்ன வார்த்தை தப்பு. ஒரு குச்சி கேட்டு வந்திருக்கேன்" என்றேன். அவள் மாமியார் உள்ளே உட்கார்ந்திருந்தார். அவருக்கும் கேட்கிற மாதிரி இன்னொரு தடவை சொன்னேன்.

அவள் உள்ளே போனாள். ரொம்ப நேரம் வரவில்லை. கதவைச் சாத்திவிடுவாள் என்றுதான் நினைத்தேன். கத்தரிக்கோலோடு வந்தாள்.

"நீங்களே வெட்டிக்கங்க. எவ்வளவு வேணுமோ வெட்டிக்கங்க. நான் வெட்டிக் குடுத்தா அதுக்கும் நாளைக்கு ஒரு பேர் வைப்பீங்க."

ஒரு சாண் மட்டும் வெட்டிக்கொண்டேன். எப்படி வேர் பிடிக்க வைத்தாய் என்று கேட்டேன். ஒரு கண்ணாடி ஜாடியைக் கவிழ்த்து மூடி வைத்தாளாம், தினமும் பார்த்தாளாம், அவ்வளவுதான். நான் வருடக்கணக்காகப் புத்தகம் படித்து ஒட்டுப் போடக் கற்றேன். எனக்குக் குச்சியிலிருந்து ஒரு ரோஜாகூட வந்ததில்லை. அந்த எரிச்சல் இன்னும் போகவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

வீட்டில் நீங்கள் இல்லை. சுவரில் கடிதம் பிய்த்த இடத்தில் சுண்ணாம்பு பெயர்ந்து இருந்தது. அந்தக் காட்டுத் தண்டைப் பார்த்தேன். இவ்வளவு ஆரோக்கியமான தண்டை என் கையால் நான் வளர்த்ததில்லை. அதில் மூன்று இடத்தில் கண் வைத்து நாடாவால் சுற்றிக் கட்டியிருக்கிறேன். மூன்று வாரத்துக்கு நாடாவை அவிழ்க்க வேண்டாம். பச்சையாக இருந்தால் பிடித்தது, கறுத்தால் போனது. பிடித்துத் துளிர் விட்டால் அதற்கு மேலே இருக்கும் காட்டுத் தண்டை வெட்ட வேண்டும். ஒட்டுக்கு மேலே. இந்தத் தடவை படமும் போட்டிருக்கிறேன். உங்களால் முடிந்தால் செய்யுங்கள்.

பிடித்தாலும் ஒரு வருடம் அதைப் பிடுங்கக் கூடாது. என் பத்தடிக்கு ஆறடி சும்மா கிடக்கட்டும்.

ஜன்னலுக்குக் கீழே முதல் நம்பரை எடுத்துவிட்டு ஒரு சிவப்பு வைத்திருக்கிறேன். மணக்கும். நோயும் வரும்.

பாப்பா

ஜனவரி 30

பாப்பாவுக்கு,

முதலில் சண்டை. முதல் நம்பர் நன்றாகத்தானே இருந்தது? அதைப் பிடுங்கிவிட்டுச் சிவப்பு வைத்திருக்கிறாய். மறுபடியும் என்னைக் கேட்கவில்லை. எங்கே வைப்பது என்று கேட்டிருந்தால், அந்தப் பக்கம் வெயில் போதாது, இன்னும் இரண்டடி தள்ளி வை என்று சொல்லியிருப்பேன். நாற்பத்தாறு வயதாகிறது, இன்னும் உனக்குக் கேட்கப் பழக்கம் வரவில்லை. நானே தள்ளி வைத்துவிட்டேன். இரண்டு இலையில் கரும்புள்ளி வந்துவிட்டது. நேற்று ஒரு பூ விரிந்தது. மணக்கிறது.

இப்போது உன் செடி. மூன்று வாரம் நாடாவைத் தொடவே இல்லை. உன் அண்ணன் அவிழ்த்துப் பார்க்கலாமா என்று கேட்டார். அவர் கையைத் தட்டிவிட்டேன். அவிழ்த்தபோது கீழே இருந்த இரண்டு கண்ணும் கறுத்துப் போயிருந்தன. அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். மூன்றாவதை அவிழ்க்கவே பயமாக இருந்தது. என் தங்கைக்குப் போன் செய்தேன். அவள் வந்தாள். இரண்டு வருடத்துக்குப் பிறகு இந்த வாசலுக்கு வந்தாள். அவள்தான் அவிழ்த்தாள்.

பச்சையாக இருந்தது. படத்தைப் பார்த்து, ஒட்டுக்கு மேலே என்று மூன்று தடவை வாய்விட்டுச் சொல்லிவிட்டு, மேலே இருந்த காட்டுத் தண்டை வெட்டினேன். அது நான் வளர்த்தது. அதை வெட்டியதும் கொஞ்சம் வலித்தது எனக்கு.

இப்போது விரல் நீளத்துக்குச் சிவப்பாக ஒரு துளிர் வந்திருக்கிறது. அதில் ஒரே ஒரு இலைக்காம்புதான் முழுசாக விரிந்திருக்கிறது. நேற்று எண்ணினேன். இன்றைக்குக் காலையிலும் எண்ணினேன். ஐந்து.

இந்தத் தடவை இலை அனுப்பவில்லை, பறிக்க மனசு வரவில்லை. வேண்டுமானால் நீயே வந்து எண்ணிக்கொள். ஞாயிற்றுக்கிழமை வா. நான் வீட்டில்தான் இருப்பேன்.

அண்ணி